மாலடாப்டேஷன்: 'பிழைத்தகவமைப்பு' வேண்டாம், 'சுமைமாற்று' சரியா வருமா?

பருவநிலை மாற்றத்த சமாளிக்க எடுக்கிற நடவடிக்கையே கேடா முடியறதத்தான் 'மாலடாப்டேஷன்'ங்கறாங்க. அதுக்குத் தமிழ்ல 'பிழைத்தகவமைப்பு'ன்னு வந்த பரிந்துரைய ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தேன், எனக்கு ஒட்டல. பிழைச்சதுன்னா உயிர் தப்பினதுன்னும் அர்த்தம் இருக்கு, வேகமா வாசிக்கிறவங்க 'பிழைத்த தகவமைப்பு'ன்னு எடுத்துக்கிட்டா விஷயமே தலைகீழாயிடும். அதவிடப் பெரிய சிக்கல், இதுல பிழைன்னு ஒன்னு நடக்கவே வேண்டியதில்ல.

போர்வெல்லயே எடுத்துக்கங்க. மழை பொய்ச்சுப்போச்சு, ஒருத்தர் 300 அடிய 600 அடியாக்குறார், மோட்டார மாத்துறார், தண்ணி வருது, பயிர் தப்பிச்சிடுது. அவரோட செலவையும் பயனையும் மட்டும் பாத்தா கணக்கு சுத்தமா லாபம்தான். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வத்திப்போச்சே, அது யார் நோட்டுல ஏறும்? வாய்க்கால் பாசனத்துலருந்து சொட்டுநீருக்கு மாறும்போதும் இப்படி நடக்குது, வாய்க்கால்ல கசியறத 'வீண்'னு எழுதிடுறோம், ஆனா அதுல ஒரு பங்கு மண்ணுல இறங்கி யாரோ ஒருத்தர் கிணத்துக்குப் போயிட்டிருந்த தண்ணி, அது மிச்சமாச்சுன்னு இன்னும் ஒரு ஏக்கர் சேத்து நட்டா மொத்தச் செலவு கூடத்தான் செய்யும். 2018ல சயின்ஸ் இதழ்ல கிராஃப்டன்ங்கற ஆய்வாளரோட குழு சுட்டிக்காட்டினதும் இதத்தான்.

2010ல பார்னெட், ஓ'நீல்ங்கற ரெண்டு ஆய்வாளர்கள் மெல்பர்னோட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைய வச்சு 'மாலடாப்டேஷன்'ங்கற சொல்ல விளக்கினப்பவும், கேடு மத்தவங்க மேல போய் விழுறதத்தான் மையமா வச்சாங்க. அந்த 'மத்தவங்க' நம்ம சொல்லுலயும் இருக்கணும்.

முதல்ல 'கேடுமாற்று'ன்னு எழுதிப் பாத்தேன், கேட்டுக்கு மாற்று மருந்துன்னு ஆயிடுது. அதனால 'சுமைமாற்றுத் தகவமைப்பு', பேச்சுல வெறும் 'சுமைமாற்று'. சுமை குறையல, தூக்குற ஆள்தான் மாறியிருக்கார். செலவு-பயன் அட்டவணையில 'சுமைமாற்று: எவ்வளவு, யார் தலையில'ன்னு தனியா ஒரு பத்தியே போடலாம்.

அடுத்த தலைமுறை மேல ஏத்துறதும் இதுல அடங்கணும். 50 வருஷம் கழிச்சு வர்ற 100 ரூபா நஷ்டம், 5 சதவீத டிஸ்கவுண்ட் ரேட் (பின்னாடி வர்ற தொகைய இன்னைய மதிப்புக்கு வருஷாவருஷம் குறைச்சுக் கணக்கிடுற வீதம்) போட்டா இன்னைக்கு 9 ரூபா கூடத் தேறாது, பருவநிலை மாற்றத்தோட பொருளாதாரம் பத்தின 2006 ஸ்டெர்ன் அறிக்கையோட 1.4 சதவீதம் போட்டா 50 கிட்ட நிக்கும். அந்த ரேட்டுக்கு 'தள்ளுபடி வீதம்'னு சொன்னா துணிக்கடை ஞாபகம்தான் வருது, அத தனியா பேசுவோம்.

ஒரு ஆட்சேபம் எனக்கே இருக்கு. போர் போட்டவரே பத்து வருஷத்துல மறுபடி 900 அடி இறக்க வேண்டி வந்தா ஆள் மாறலையே? ஆனா சுமை தூக்குறவங்க ஒரு தோள்லருந்து இன்னொரு தோளுக்கு மாத்திக்கிறதும் சுமைமாத்துறதுதானே, அதனால நிக்கும்னு நெனைக்கிறேன். நிக்காதுன்னா எந்த இடத்துல இடிக்குதுன்னு சொல்லுங்க.