இணைய வகுப்பில் கார்வை அறுபடுகிறது: வழி தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து, வாரத்தில் 3 மாலைகள் 8 பிள்ளைகளுக்குக் காணொளிச் செயலி வழியாகக் கர்நாடக சங்கீத வாய்ப்பாட்டு கற்றுத் தருகிறேன். ஜூன் விடுமுறையில் செயலியைப் புதுப்பித்த நாள் முதல், ஒரு பிள்ளை ஐந்தரைக் கட்டைச் சுருதியில் ‘ஸா’வைக் கார்வையாக, அதாவது ஒரே ஸ்வரத்தை அசையாமல், நீட்டிப் பிடித்தால், முதல் 3, 4 விநாடிகள் தெளிவாகக் கேட்கும் குரல், பிறகு தண்ணீருக்குள் மூழ்குவதுபோல் மங்கி அறுந்துவிடுகிறது, பின்னணியில் ஒலிக்கும் தம்பூரா அதற்கும் முன்பே மறைந்துவிடுகிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியை வேகமாகப் பாடும்போது குறை தெரிவதில்லை. தோடி ராகத்தில் காந்தார (‘க’) ஸ்வரத்தின் அசைவோ (கமகம்) படிக்கட்டில் தாவுவதுபோல் கேட்பதால், சுருதி விலகியது பிள்ளையா கருவியா என்று புரியாமல் திருத்தவே தயங்குகிறேன்.

நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி, இரைச்சல் நீக்கும் வசதி அழித்துவிடுகிறது என்பது என் ஊகம். எனவே, என் மடிக்கணினியில் அதை நிறுத்தி, அசல் ஒலியை அனுப்பும் அமைப்பை இயக்கினேன். வைஃபைக்குப் பதிலாகக் கம்பி இணைப்புக்கு மாறினேன். புளூடூத் இயர்போனையும் விலக்கினேன். என் குரல் இப்போது அவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது. அவர்கள் குரல்தான் இன்னும் சரியாகவில்லை. அறுவர் ஐபேடிலும் இருவர் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் சேர்கிறார்கள். எல்லாரிடமும் இதே நிலைதான். அதே பாட்டை இன்னொரு கைப்பேசியில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குரல் மாசின்றி இருக்கிறது (இப்போதைக்கு அதைக் கேட்டுத்தான் திருத்துகிறேன்).

பிள்ளைகளின் பக்கம் எந்த அமைப்பை மாற்றினால், அல்லது எத்தகைய மைக்கை இணைத்தால், கார்வையும் கமகமும் அறுபடாமல் என்னை வந்தடையும்?