நம்ம கால்நடை டாக்டர்கள் சங்கத்துச் சீனியர்களைச் சந்திச்ச அனுபவம் இருந்தா இங்க எழுதுங்க

வேப்பேரிவாசி:
பொதுக்குழு முடிஞ்சு சாப்பாட்டு வரிசையில நடந்தது. எழுதாம இருக்க முடியலை. எனக்கு முன்னாடி எண்பது வயசைத் தாண்டின சீனியர் ஒருத்தர். மேடையில பொன்னாடை போட்டாங்க, மைக் கொடுக்கலை. "சார் எந்தப் பக்கம் வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டேன். "வட ஆற்காடு. வெக்கை நோயைக் கடைசியாப் பார்த்த ஜில்லா"ன்னாரு.

வெக்கைன்னா ரிண்டர்பெஸ்ட், மாடுகளைக் கொன்ன கொள்ளை நோய். நமக்கு அது பரீட்சைக் கேள்வி. 1995-ல நாட்டுலயே கடைசியா அங்க வந்தது, 2006-ல இந்தியாவுக்குச் சான்று, 2011-ல உலகமே விடுபட்டது. அவர் தட்டைக் கீழ வெச்சுட்டு, தன் கீழ் உதட்டைக் கட்டைவிரலால மடக்கி ஈறைக் காட்டினாரு. "இங்கதாம்பா, தவிடு தூவின மாதிரி இருக்கும். அதைப் பார்த்துட்டா அன்னிக்குச் சோறு இறங்காது." ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்ல தடுப்பூசி மருந்து, குளிர வெச்ச சலைன் தனியா. கலக்கினதும் வெயில் ஏறுறதுக்குள்ள தெரு மாடெல்லாம் முடிக்கணும். பின்னாடி நின்னவங்க "சார், நகருங்க"ன்னாங்க. பேச்சு அதோட நின்னு போச்சு.

அன்னிக்குச் சங்கம் வெளியிட்ட சிறப்பு மலரைப் புரட்டினேன். நிர்வாகிகள் படம், வாழ்த்துச் செய்தி, மருந்துக் கம்பெனி விளம்பரம். வெக்கை நோய் பற்றி ஒரு வரி இல்லை. இது சரியா?

கொட்டகை டாக்டர்:
எனக்கு வேற மாதிரி. வேலையில சேர்ந்த புதுசு, மாவட்டக் கூட்டம். சம்பள முரண்பாடு, பதவி உயர்வு, எம்.பி.பி.எஸ். படிச்சவங்களோட சமநிலைன்னு ரெண்டு மணி நேரமா அதே பேச்சு. ஓய்வுபெறப் போற ஒரு மேடம் எழுந்தாங்க. "இதெல்லாம் பேசுங்க. என் கால்நடை மருந்தகத்துல கழிவறை இல்லை. நான் காலையில தண்ணி குடிக்காமத்தான் வேலைக்கு வர்றேன். அதையும் தீர்மானத்துல எழுதுங்க." கூட்டத்துல பாதிப் பேர் சிரிச்சாங்க. எழுதவே இல்லை. அடுத்த கூட்டத்துல நடவடிக்கைக் குறிப்பை வாசிச்சப்போ காது கொடுத்துக் கேட்டேன், அந்தப் பேச்சே அதுல இல்லை.

சக்குபாய் ராமச்சந்திரன் அம்மா சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிச்சு நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர்னு பேர் வாங்கினது ஐம்பதுகளின் தொடக்கத்துல. அதுக்கப்புறம் எத்தனை பேட்ச் பொண்ணுங்க வந்துட்டோம்!

மருந்தக மகன்:
வேப்பேரிவாசி, அந்த ஃபிளாஸ்க்கை யார் தூக்கிட்டுப் போனாங்கன்னு உங்க சீனியர் சொன்னாரா? எங்க அப்பா கால்நடைப் பராமரிப்பு உதவியாளர். மூக்கணாங்கயிறைப் பிடிச்சு நிறுத்தினது அவர், முட்டு வாங்கினதும் அவர். இடது விலா கடைசி வரைக்கும் வலிச்சது. அவரைக் கூட்டிட்டு ஒரு விழாவுக்குப் போனேன். வாசல்ல இருந்தவர் "இது டாக்டர்ஸ் மட்டும்"னாரு. அப்பா "பரவால்லைப்பா"ன்னு திரும்பிட்டாரு. எனக்கு அது பரவாயில்லாமப் போகலை.

ஒரத்தநாட்டுக்காரன்:
மருந்தக மகன், உங்க அப்பாவுக்கு நடந்தது தப்பு. ஆனா சங்கம் டாக்டர்களுக்குன்னு தனியா நின்னதுக்குக் காரணம் இருக்கு. 1903-ல சைதாப்பேட்டையில நம்ம வேப்பேரிக் கல்லூரி ஆரம்பிச்சப்போ டிப்ளமாதான். 1936-ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச பிறகுதான் பட்டம். பட்டம் வந்த பிறகும் யார் வேணா ஊசி போடலாம்ங்கிற நிலைமை ரொம்ப நாள் இருந்தது. 1984-ல இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்துதான் பதிவு செஞ்சவங்களே வைத்தியம் பார்க்கணும்னு ஆச்சு. அதே சட்டம், டிப்ளமா, சான்றிதழ் வெச்சிருக்கிறவங்க பதிவுபெற்ற டாக்டர் மேற்பார்வையில சின்னச் சின்னச் சிகிச்சை செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம்னும் சொல்லுது. உதவியாளரை யாரும் வெளியே தள்ளலை.

என் அனுபவம் சின்னது. ஒரு சீனியர் வீட்டுப் பரண்ல இந்தியன் வெட்டினரி ஜர்னல் பழைய தொகுப்புகள், சங்கச் சுற்றறிக்கைகள். நான் போறதுக்கு முந்தின வாரம் பாதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டாங்க. 1924-லயே மதராஸ்ல தொடங்கின பத்திரிகைங்க அது!

அதனால சொல்றேன். சீனியரைப் பார்க்கப் போனா செல்போன்ல குரலைப் பதிவு பண்ணுங்க. "உங்க சாதனை என்ன"ன்னு கேட்காதீங்க, கூச்சப்படுவாங்க. முதல் போஸ்டிங் எங்க, சைக்கிளா ஜீப்பா, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) வந்தா செத்த மாட்டை எப்படிப் புதைச்சீங்கன்னு கேளுங்க, தானா வரும். போட்டோ பின்னாடி ஊர், வருஷம் பென்சில்ல எழுதுங்க. பேனா மை ஊறிடும். சுற்றறிக்கையை லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க. தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல கேட்டுப் பாருங்க, பழைய தாளை எப்படிக் காப்பாத்துறதுன்னு அவங்களுக்குத் தெரியும். நடவடிக்கைப் புத்தகம் யார் வீட்டுல இருந்தாலும் பத்திரமா வெச்சிருங்க.

மருந்தக மகன்:
"யாரும் வெளியே தள்ளலை"ன்னு எழுதிட்டீங்க. வாசல்ல நின்னது நான்.

வேப்பேரிவாசி:
மருந்தக மகன், அப்பா எந்த மருந்தகத்துல இருந்தாரு? வட ஆற்காடுன்னா சொல்லுங்க. அந்தச் சீனியர் போன் நம்பர் என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறேன். நீங்களும் வாங்க.