பம்பிங் டெஸ்ட்டை நீர்வள மையத்திடம் கொடுக்கும்போது எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

கேள்வி:
குடியிருப்புக்கான போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்றில் தினம் எவ்வளவு எடுத்தால் கிணறு தாங்கும் என்று பம்பிங் டெஸ்ட் (தொடர்ந்து இறைத்து, நீர்மட்டம் எப்படி இறங்குகிறது என்று அளக்கும் சோதனை) மூலம் கணிக்கும் வேலையை, பல்கலைக்கழக நீர்வள ஆய்வு, ஆலோசனை மையம் ஒன்றிடம் கொடுக்கிறோம். போர் போட்டவர் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு மணிக்கு 20 கனமீட்டர் என்று எழுதித் தந்திருக்கிறார். மையமோ 24 மணி நேரச் சோதனை கேட்கிறது. அவ்வளவு தேவையா? எங்கள் பக்கம் என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில் 1:
கட்டாயம் தேவை. முதல் சில நிமிடங்கள் வருவது கேசிங் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர்தான், பாறையின் தண்ணீர் இல்லை. முதலில் மூன்று, நான்கு படிகளாக, படிக்கு ஒரு மணி நேரம் என்று ஓட்டத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். மட்டம் பழையபடி ஏறியதும் ஒரே ஓட்டத்தில் 24 மணி நேரம் (மேல்மட்ட, அடைபடாத நீர்ப்படுகை, அதாவது மேலே நீர் புகாத அடுக்கு மூடாத படுகை என்றால் 72).

நீர்மட்ட இறக்கத்தை, மடக்கை (log) அளவில் குறித்த நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். நேரம் பத்து மடங்காகும்போது 1.5 மீட்டர் இறங்கினால், நாளுக்கு 480 கனமீட்டர் (மணிக்கு 20) ஓட்டத்துக்கு நீர் கடத்தும் திறன் (படுகை தன் வழியே தண்ணீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்ற அளவு) 0.183 × 480 ÷ 1.5, அதாவது சுமார் 59 சதுர மீட்டர்/நாள். மழையே இல்லாமல் 100 நாள் இறைத்தால், நேரம் இரண்டு முறை பத்து மடங்காவதால் முதல் நாள் முடிவில் இருந்ததைவிட இன்னும் 3 மீட்டர் இறங்கும். ஆனால் ஐந்தாவது மணியில் கோட்டின் சரிவு இரட்டித்தால், பக்கத்தில் நீர் புகாத எல்லை ஒன்று இருக்கிறது என்று பொருள். அந்த 3 மீட்டர் 6 ஆகிவிடும். இரண்டு மணி நேரச் சோதனைக்கு இது தெரியவே தெரியாது. பாறைப் பகுதியில் மட்டம் எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம் என்பதைப் பம்ப் வரை கணக்கிடாதீர்கள், தண்ணீர் வரும் முக்கிய பாறை வெடிப்பு வரைதான். மட்டம் அதற்குக் கீழே போய் அது வெளியே தெரிந்துவிட்டால் வரத்து சட்டென்று விழும்.

பதில் 2:
களத்துல கெடுறது பெரும்பாலும் ஓட்டம்தான். மட்டம் இறங்க இறங்க பம்ப்புக்குச் சுமை கூடி ஓட்டம் குறையும். அதனால ஆரம்பத்துலயே வால்வைப் பாதி மூடி வச்சு, போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா திறக்கணும். 5 சதவீதத்துக்கு மேல ஆடக் கூடாது. மீட்டர் இருந்தாலும் 200 லிட்டர் டிரம்மை வச்சு ஸ்டாப்வாட்ச்ல சரிபாருங்க: மணிக்கு 20 கனமீட்டர்னா 36 வினாடியில நிறையணும்.

வெளியேத்துற தண்ணியைக் கிணத்துப் பக்கம் விடாதீங்க. மேல்மட்டப் படுகைன்னா அதுவே திரும்ப உள்ள இறங்கி மட்டத்தை உசத்திக் காட்டும். பக்கத்துக் கிணறுகளை முந்தின நாள்ல இருந்து நிறுத்தி வைங்க. ஜெனரேட்டர், டீசல் தயாரா இருக்கட்டும். பாதியில கரண்ட் போனா மட்டம் முழுசா ஏறின பிறகு முதல்ல இருந்துதான்.

மட்டத்தை அழுத்தம் அளக்குற சென்சார்ல பதிவு பண்ணினா, காற்றழுத்தத்தைத் தனியா ஒரு சென்சார்ல அளந்து கழிக்கணும். 5 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே 5 சென்டிமீட்டர் பிழை. தூரத்துக் கண்காணிப்புக் கிணத்துல (இறைக்காம மட்டம் மட்டும் பாக்குற கிணறு) மொத்த இறக்கமே அவ்வளவுதான் இருக்கும்!

கேட்டவர்:
கண்காணிப்புக் கிணறு இல்லாமல் முடியாதா?

பதில் 1:
கடத்தும் திறன் கிடைக்கும். சேமிப்புக் கெழு (மட்டம் இறங்கும்போது படுகை எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்ற அளவு) நம்பும்படி கிடைக்காது. இறைக்கும் கிணற்றில் கிணற்று இழப்பும் (தண்ணீர் கிணற்றுக்குள் நுழையும் தடையால் வரும் கூடுதல் இறக்கம்) கலந்துவிடும். பயன்பாட்டில் இல்லாத பழைய போர் பக்கத்தில் இருந்தால் அதுவே போதும்.

பதில் 3:
ஒப்பந்தத்தில் மூன்றை விடாதீர்கள். நிமிடவாரியான மூல அளவீடுகள் எக்ஸெல் கோப்பாகவே வேண்டும். படமாக மட்டும் தந்தால் வேறு யாரும் மறுகணக்கு போட முடியாது. பம்பை நிறுத்திய பிறகு மீட்சியும் (மட்டம் திரும்ப ஏறுவதும்) அளக்கப்பட வேண்டும். அலுப்பில் பலர் விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் ஓட்ட ஏற்ற இறக்கம் அதிகம் பாதிக்காத தரவு அதுதான். மூன்றாவது, களத்தில் யார் இருப்பார்கள் என்பது. மாணவர்கள் அளக்கலாம், தப்பில்லை. இரவு முறைக்கும் பொறுப்பாளர் பெயர் இருக்கட்டும்.

நீர் மாதிரியைக் கடைசி மணி நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். உலோகங்களுக்கான புட்டியில் 0.45 மைக்ரான் வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு வழியிலேயே படிந்து, ஆய்வகத்தில் குறைவாகக் காட்டும்.