ஃபார்வேர்டை எடுத்த பிறகும் அழைப்பெல்லாம் செல்லுக்கே போகிறது, உதவுங்கள்

துறைமுகத்துப்பெண்
வணக்கம். மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் கப்பல் சரக்கு கிளியரிங் செய்யும் சின்ன அலுவலகத்தில் வரவேற்பு மேசை என்னுடையது. யீலிங்க் ஐபி போன், எக்ஸ்டென்ஷன் 101. தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. ஆனால் கப்பலுக்கு ஏது தைப்பூசம்? அதனால் முந்தின நாள் மாலை, அழைப்புகளைச் செல்லுக்குத் திருப்பிவிட (ஃபார்வேர்டு) *72 அடித்து, வெளி லைனுக்கான 9-உடன் என் செல் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நன்றாகவே வேலை செய்தது. கோர் தெ கார்த் மலைக் கோயில் படியேறும்போதுகூட ஒருவர் கண்டெய்னர் எங்கே என்று கேட்டார்.

மறுநாள் வந்து போன் மெனுவைத் திறந்தேன். எல்லாம் பிரெஞ்சில்தான் இருக்கும். 'ரான்வுவா' (ஃபார்வேர்டு) என்பதற்குள் போனால் 'துழூர்' (எப்போதும்) ஏற்கெனவே ஆஃப் ஆகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒருமுறை ஆன் செய்து ஆஃப் செய்தேன். திரையில் அம்புக்குறி எதுவும் இல்லை. ஆனால் யார் கூப்பிட்டாலும் செல்தான் அடிக்கிறது, மேசை போன் வாயே திறக்கவில்லை. பக்கத்து மேசை 104-இலிருந்து அடித்தாலும் அதே கதை. நான் கூப்பிட்டால் மட்டும் போகிறது. போனை இரண்டு முறை அணைத்துப் போட்டாயிற்று. இதைப் போட்டுக்கொடுத்தவர் வியாழக்கிழமைதான் வருவாராம்.

இன்னொன்று: டிரான்ஸ்ஃபர் செய்யும்போது பாதி அழைப்புகள் அறுந்துபோகின்றன. அதையும் யாராவது சொன்னால் நல்லது.

ரோஸ்ஹில்காரன்
'தொந்தரவு செய்யாதே' பட்டனை அழுத்திவிட்டீர்களா தங்கச்சி? எங்கள் ஆபீஸில் துடைக்க வருபவர் துணியோடு சேர்த்து அதையும் அழுத்திவிட்டுப் போவார். அது இல்லையென்றால் எண்ணைப் பாருங்கள். 2013 செப்டம்பரில் செல் எண்களுக்கு முன்னால் 5 சேர்த்து 8 இலக்கம் ஆக்கினார்களே, அப்போது ஆபீஸ் போன்களையெல்லாம் இணைக்கும் எங்கள் பழைய பிபிஎக்ஸ் பெட்டி 7 இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டு எங்கெங்கோ கூப்பிட்டது. ஒரு வாரம் தலைவலி.

கம்பிவடம்
சென்னையிலிருந்து எழுதுகிறேன். உங்களைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருந்தும் பதில் தாமதம், மன்னிக்கவும்.

அண்ணா சொன்ன பட்டனாக இருக்காது. அது அழுத்தப்பட்டிருந்தால் கூப்பிடுபவருக்கு பிஸி ஒலியோ வாய்ஸ்மெயிலோதான் கிடைக்கும், செல் அடிக்காது. எண்ணும் சரியாகவே இருக்கிறது, இல்லையென்றால் உங்கள் செல்லுக்கு வந்தே இருக்காது.

'ஏற்கெனவே ஆஃப் ஆகத்தான் இருந்தது' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். விஷயமே அதுதான். ஃபார்வேர்டு இரண்டு இடத்தில் இருக்கலாம். மெனுவில் வைத்தால் அதை நினைவில் வைத்திருப்பது போன். அழைப்பு போனுக்கு வரும், போன் 'நான் இங்கே இல்லை, அந்த எண்ணுக்குப் போ' என்று திருப்பிவிடும். *72 அடித்தால் நினைவில் வைத்திருப்பது பிபிஎக்ஸ் பெட்டி. அழைப்பு உங்கள் மேசைப்பக்கம் எட்டியே பார்க்காது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நீங்கள் பெட்டியில் பூட்டிவிட்டு போனில் சாவி தேடுகிறீர்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் போனின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு 104-இலிருந்து 101-ஐக் கூப்பிடுங்கள். செத்துக்கிடக்கும் போன் எதையும் திருப்பிவிட முடியாது. அப்போதும் செல் அடித்தால் வேலை பெட்டியுடையது.

*72 ஏற்றுக்கொண்ட பெட்டி என்றால் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் வகையாக இருக்கலாம். அதில் ரத்து செய்ய *73. உங்கள் போனிலிருந்தே அடியுங்கள்.

துறைமுகத்துப்பெண்
கேபிளைப் பிடுங்கியும் செல் அடித்தது! பதற்றத்தில் 104 ரிசீவர் கையில் இருக்கும்போதே அதில் *73 அடித்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று விழித்தேன். அப்புறம்தான் 'உங்கள் போனிலிருந்தே' என்பது கண்ணில் பட்டது. 101-இல் அடித்ததும் ரத்தானது என்று ஒரு குரல் சொன்னது. இப்போது 104-இலிருந்து கூப்பிட்டால் மேசை போன் அடிக்கிறது.

ஆனால் வெளியிலிருந்து வருகிற அழைப்பு மட்டும் பாதி மணியிலேயே நின்றுவிடுகிறது. 'டிர்' என்று ஆரம்பிக்கும், கை போவதற்குள் நின்றுவிடும். இரண்டு பேர் 'உங்கள் வாய்ஸ்மெயிலில் பேசினோமே' என்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் வாய்ஸ்மெயிலே கிடையாது.

கம்பிவடம்
உங்கள் செல் இப்போது எங்கே?

துறைமுகத்துப்பெண்
சார்ஜ் தீர்ந்து டிராயருக்குள் கிடக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன?

கம்பிவடம்
அதுதான் திருடன். வெளி அழைப்பு ரிங் குரூப் வழியாக வருகிறது போலிருக்கிறது. 101, 104 என்று ஒரு கூட்டத்துக்கே சேர்ந்து அடிக்கும். அந்தக் கூட்டத்தில் உங்கள் செல் எண்ணும் உட்கார்ந்திருக்கிறது. செல் அணைந்திருந்தால் செல் கம்பெனியின் வாய்ஸ்மெயில் உடனே எடுத்துவிடும். பெட்டிக்கு மனிதர் எடுத்தாரா மெஷின் எடுத்ததா என்று தெரியாது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மற்ற போன்களை நிறுத்திவிடும்.

எப்போதாவது வீட்டிலிருந்து வேலை பார்த்தீர்களா அக்கா?

துறைமுகத்துப்பெண்
2020 மார்ச் ஊரடங்கில்! அப்போது போட்டுக்கொடுத்தவர் 'ஏதோ செய்துவிட்டேன், செல்லிலேயே எடுங்கள்' என்றார். செல் எப்போதும் ஆனில் இருந்ததால், இரண்டும் சேர்ந்து அடிப்பதை வழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பிவடம்
வியாழக்கிழமை வரும்போது அந்த எண்ணை ரிங் குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே வைத்திருப்பதானால் 'உறுதிப்படுத்து' வசதியைப் போடட்டும். செல்லில் எடுப்பவர் 1 அழுத்தினால்தான் அழைப்பு சேரும், வாய்ஸ்மெயிலுக்கு 1 அழுத்த விரல் கிடையாது. அதுவரை செல்லுக்குச் சார்ஜ் போடுங்கள்.

டிரான்ஸ்ஃபருக்கு: எண்ணை அடித்த கையோடு ரிசீவரை வைத்துவிடுகிறீர்களா? சில போன்களில் அப்படி வைத்தால் சேர்ந்துவிடும், சிலவற்றில் அறுந்துவிடும், அமைப்பைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபர் பட்டன், எண், அனுப்பு. அவர் எடுத்து 'ம்' சொன்னபின் மறுபடியும் டிரான்ஸ்ஃபர், அதற்கப்புறம் ரிசீவர்.

ரோஸ்ஹில்காரன்
அவர் எடுக்காவிட்டால் அந்தப் புது அழைப்பை மட்டும் ரத்து செய்துவிட்டு வாடிக்கையாளரிடம் திரும்பிப் பேசலாம். அவர் ஹோல்டில்தான் இருப்பார்.

துறைமுகத்துப்பெண்
வியாழன் தகவல்: ரிங் குரூப்பில் என் எண் இருந்தது. கூடவே, வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆன ஒருவருடைய எண்ணும். பாவம், அவர் எப்படித்தான் பொறுத்துக்கொண்டாரோ. இரண்டையும் எடுத்தாயிற்று, மேசை போன் முழு மணியும் அடிக்கிறது. டிரான்ஸ்ஃபரும் அறுவதில்லை. கணக்கர்தான் 'ம்' சொல்லவே அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறார்.