ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்து ஓட்டும் மனைவி, முன் சீட்டில் பாட்டி மடியில் குழந்தை: ஏர்பேக்கைக் கழற்றிவிடலாமா?

உறையூர்வாசி:
போன மாதம் புது வண்டி எடுத்தோம், ஆறு ஏர்பேக். மனைவி நாலடி பத்து அங்குலம். கிளட்ச் எட்ட வேண்டும் என்று சீட்டை முழுக்க முன்னால் இழுத்துப் போட்டு, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்த மாதிரிதான் ஓட்டுகிறார். ஏர்பேக் வெடித்தால் மூஞ்சி போய்விடும், கழற்றிவிடு என்கிறான் மச்சான். அப்புறம் ஒன்றரை வயது மகள். முன் சீட்டில் பாட்டி மடிதான் வேண்டும் என்று அடம். அம்மாவும் "நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறார். அடுத்த வாரம் பழனி போகிறோம், யோசனை சொல்லுங்கள்.

நாலுசக்கரம்:
உங்கள் மச்சான் பயப்படுவது சரி, கழற்றச் சொல்வதுதான் தப்பு. ஏர்பேக் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்து முடிந்துவிடும். விரிந்து முடித்த பையில் போய் விழுந்தால் மெத்தை, விரிந்துகொண்டிருக்கும்போதே முகம் அங்கே இருந்தால் அதுவே குத்து. அதனால் ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து நெஞ்செலும்பு வரை 25 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும், டேப் வைத்து அளந்து பாருங்கள். என் மனைவியும் அதே உயரம்தான். சீட்டை ஏற்றி, முதுகுப்பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஸ்டீயரிங்கைக் கீழே இறக்கி (பை நெஞ்சைப் பார்க்க வேண்டும், முகத்தை அல்ல), சீட்டை ஒவ்வொரு பல்லாகப் பின்னால் தள்ளி, கிளட்ச் அடிவரை அமுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, மூன்று நாள் சண்டைக்கு அப்புறம் 27 வந்தது. கை ஒன்பது மணி, மூன்று மணி இடத்தில் இருக்கட்டும்.

மடியில் குழந்தை வேண்டவே வேண்டாம். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், பத்து கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தப் பாட்டியாலும் முடியாது. அதோடு பாட்டிக்கும் ஏர்பேக்குக்கும் நடுவில் இருப்பது குழந்தைதான்.

அம்பாசிடர்தாசன்:
நாங்கள் ஒரே வண்டியில் ஒன்பது பேர் திருப்பதி போய் வந்தவர்கள். ஒன்றும் ஆகவில்லை.

நாலுசக்கரம்:
ஆனவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள், அண்ணே.

ஸ்பேனர்:
பதினோரு வருடமாக சர்வீஸில் இருக்கிறேன். ஏர்பேக் மூடியில் எஸ்ஆர்எஸ் (SRS) என்று எழுதியிருப்பதில் முதல் எழுத்துக்கே 'துணை' என்றுதான் பொருள். பெல்ட்தான் முதலில், பை அதற்குத் துணை. பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லை, இடுப்பெலும்பில் படிய வேண்டும். மேல்பட்டை தோள்பட்டை நடுவில், அக்குளுக்கு அடியில் விடக் கூடாது. சத்தம் வராமலிருக்கக் கொக்கியில் செருகும் கிளிப்பை வைத்தால், பெல்ட் போட்டிருக்கிறது என்று வண்டியே ஏமாந்துபோகும். அதை விற்பதை நிறுத்தச் சொல்லி 2023ல் மத்திய அரசின் நுகர்வோர் ஆணையமே ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டது.

நான் அதிகம் பார்க்கிற கூத்து வேறு. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் இடத்தை மூடித் தைத்த சீட் கவர். இன்னொன்று, முன் சீட்டுக்கு எதிரே ஏர்பேக் மூடிமேலேயே ஒட்டிய பிள்ளையார். பை திறந்தால் அவர் எங்கே பறப்பார் என்று யோசித்துப் பாருங்கள். டேஷ்போர்டில் கால் நீட்டித் தூங்கும் பழக்கம் மச்சானுக்கு இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள், முழங்கால் முகத்துக்கே வரும்.

மஞ்சள்பலகை:
பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்த டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் இருந்தார் என்று போலீஸ் சொன்னது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் ஆயிரம் ரூபாய் அபராதம். உங்கள் மகளுக்குப் பின் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் சீட் வாங்குங்கள், அதன் எடை, உயர வரம்பு தாண்டும்வரை அப்படியே இருக்கட்டும். அந்த சீட்டை ஏர்பேக் இயங்கும் நிலையில் உள்ள முன் சீட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உறையூர்வாசி:
அளந்தேன். 16 செ.மீ. இருந்தது, இப்போது 26. குழந்தை சீட் வந்துவிட்டது, பாட்டி பக்கத்தில் இருந்தால் அழவில்லை. எங்கள் வண்டியிலும் பிள்ளையார் அதே இடத்தில்தான் இருந்தார், இப்போது டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கிறார். பின் சீட்டுக்கு அனுப்பியதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டார், இதற்குத்தான் இன்னும் என்னோடு பேசவில்லை.