ஆழ்கடலில் விஎச்எஃப் வயர்லெஸ் சரியாகக் கேட்பதில்லை: பூஸ்டர் வைக்கலாமா, ஏரியலை மாற்றலாமா?

கடலோடி_குமரி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் தூண்டில் படகு தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து வாட்ஜ் பேங்க் (குமரிமுனைக்குத் தெற்கே உள்ள மீன்வளத் திட்டு) பக்கமும், சில பருவங்களில் அதற்கும் மேற்கேயும் தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க) போகிறது. படகில் 25 வாட் விஎச்எஃப் செட் (படகுகள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ்) இருக்கிறது. ஏரியல் வீல் ஹவுஸ் கூரையின் மேல், தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கூட வரும் படகு கண்ணுக்கு மறைந்து சிறிது தூரம் போனாலே பேச்சு இரைச்சலில் கரைந்துவிடுகிறது. கரையிலிருந்து வரும் அழைப்போ பெரும்பாலும் கேட்பதே இல்லை. இரவில் நிலைமை இன்னும் மோசம் என்று ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்) சொல்கிறார். ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவே ஒரு பூஸ்டர் (சிக்னல் பெருக்கி) வைத்தால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். பூஸ்டர் வாங்கலாமா, அல்லது கூடுதல் டெசிபெல் (சிக்னல் பலத்தின் அளவு) உள்ள ஏரியலாகப் பார்த்து வாங்குவது நல்லதா?

வயர்மேன்_தூத்துக்குடி:

தம்பி, பூஸ்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும். அதே ஏரியலில்தான் நீங்கள் 25 வாட்டில் பேசவும் போகிறீர்கள் என்பதால், பேசும்போது தானாக விலகிக்கொள்ளும் ரிலே இல்லாத மலிவான பூஸ்டர் முதல் அழைப்பிலேயே கருகிவிடும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது, இரவில் மோசமாகிறது என்பதுதான். விஎச்எஃப் அலைக்கு இரவு பகல் என்ற பேதம் பெரிதாகக் கிடையாது. இரவில் மாறுவது உங்கள் படகு: டெக்கில் ஃபிளட் லைட் எரிகிறது, கொம்பில் (படகின் உயர்ந்த கம்பத்தில்) வழிகாட்டி விளக்கு எரிகிறது, இன்வெர்ட்டர் ஓடுகிறது. இவை எல்இடி விளக்குகளாக இருந்தால், அவற்றுக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுப்பதால் எழும் இரைச்சல் விஎச்எஃப் அலைவரிசையையும், கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ்ஸையும் மூடிவிடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சோதிப்பது எளிது. விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, யாரும் பேசாத ஒரு சேனலில் செட்டை வையுங்கள். ஸ்க்வெல்ச் திருகை (வெற்று இரைச்சலை அடக்கும் திருகை) இரைச்சல் கேட்கும் வரை திறந்து, பின்பு அது அடங்கும் இடம் வரை மட்டும் மூடுங்கள். இப்போது விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த விளக்கைப் போட்டதும் செட் தானாக இரையத் தொடங்குகிறதோ, அதுதான் குற்றவாளி.

அடுத்தது கேபிள். பல படகுகளில் பென்சிலைவிட மெல்லிய ஆர்ஜி-58 கேபிளைத்தான் இழுத்திருப்பார்கள். 15 மீட்டர் நீளத்தில் அது ஏறக்குறைய 3 டெசிபெல்லை, அதாவது ஏரியல் பிடித்த சிக்னலில் பாதியை, வழியிலேயே தின்றுவிடும். தடித்த ஆர்ஜி-213 போட்டால் இழப்பு அதில் பாதிகூட இருக்காது. ஏரியல் அடியில் உள்ள கனெக்டரைக் கழற்றி, உறையை ஒரு விரல் அகலம் கீறிப் பாருங்கள். உள்ளே பின்னல் கம்பி பளபளப்பாக இல்லாமல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் உப்புத்தண்ணீர் ஏறிவிட்டது என்று பொருள். அந்தக் கேபிளை வெட்டி ஒட்டிப் பயனில்லை, முழுவதுமாக மாற்றிவிடுங்கள். புதிய பிஎல்-259 கனெக்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் உரிந்துவிடும்.

கப்பல்_ரேடியோ_ஓய்வு:

மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் உங்கள் முதன்மையான குறை உயரம் என்பது என் கருத்து. விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. கடலின் வளைவுக்குப் பின்னால் அது இறங்காது. இரு முனை ஏரியல்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 2.2ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கடல் மைலில் கிடைக்கும். 4 மீட்டர் ஏரியல் கொண்ட இரண்டு படகுகளுக்கு இடையே சுமார் 9 கடல் மைல்தான்; இரண்டுமே 9 மீட்டருக்கு உயர்த்தினால் 13. கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தால் உங்கள் இப்போதைய ஏரியலுக்கு 20 கடல் மைல் வரை கேட்கலாம். கோடையில் காற்று அடங்கிய நாட்களில் இலங்கையோ கேரளமோ தெளிவாகக் கேட்டுவிடுவதும் உண்டு. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

ஏரியலை இரும்புக் கொம்பின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் கட்டினால் அந்தத் திசை மறைந்துவிடும் என்பதால், அதை உச்சியில் நிறுத்துங்கள். 9 டெசிபெல் ஏரியல் வேண்டாம். அது அலையைத் தட்டையாக அழுத்தி அனுப்புவதால், உருளும் படகில் ஒரு முறை வானத்தையும் மறுமுறை தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் படகுக்கு 3 அல்லது 6 டெசிபெல் போதும்.

இத்தனையும் செய்தாலும் ஆழ்கடலில் வெகுதூரம் போய்விட்டால் கரை கேட்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டாமல் போனதற்கு இந்த எல்லையும் ஒரு காரணம். ஆகவே வானிலை எச்சரிக்கைக்காக நாவ்டெக்ஸ் ரிசீவர் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 518 கிலோஹெர்ட்ஸில் எழுத்தாக வரும் அந்தச் செய்தி 200 கடல் மைலுக்கு மேலும் எட்டக்கூடியது. உங்கள் மாவட்டத்து முட்டத்திலேயே அதன் நிலையம் ஒன்று இருக்கிறது. செய்தி ஆங்கிலத்தில் வரும் என்பதால் படித்துச் சொல்ல ஓர் ஆள் படகில் வேண்டும். இஸ்ரோ வடிவமைத்த இருவழி டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் உதவும் கருவி) படகில் இருந்தால், அதைச் சும்மா பூட்டி வைக்காமல் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இயக்கிப் பாருங்கள்.

கடலோடி_குமரி:

இருவருக்கும் மிக்க நன்றி. துறையில் வைத்தே சோதித்துப் பார்த்தோம். வழிகாட்டி விளக்கால் ஒன்றுமில்லை. பின்பக்க ஃபிளட் லைட்டைப் போட்ட நொடியே செட் இரையத் தொடங்குகிறது. கேபிளும் நீங்கள் சொன்ன மெல்லிய வகைதான். கொம்பை 9 மீட்டருக்கு உயர்த்தி, கேபிளையும் மாற்ற முடிவு செய்திருக்கிறோம். விளக்கை என்ன செய்வது?

வயர்மேன்_தூத்துக்குடி:

முதலில் விளக்குக்குப் போகும் வயரை ஏரியல் கேபிளோடு ஒரே குழாயில் கட்டியிருந்தால் பிரித்து, படகின் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோங்கள். பிறகு விளக்கை ஒட்டியே வயரில் ஃபெரைட் கிளாம்ப் (இரைச்சலை உறிஞ்சும் காந்தப்பொருள் வளையம்) ஒன்றை மாட்டி, அதனுள் வயரை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அதே ஸ்க்வெல்ச் சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் இரைந்தால் விளக்கையே மாற்ற வேண்டியதுதான். புதியதை வாங்கும்போது கடையில் பேட்டரி ஒன்றில் எரியவிட்டு, அதன் அருகே ஒரு கையடக்க விஎச்எஃப் செட்டை வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.