அமெரிக்கன் ஸ்டடீஸ் படிக்க வந்தவர்களுக்கு: கருப்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவைப் பல துறைகளின் வழியே படிக்கும் அமெரிக்கன் ஸ்டடீஸில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஒரு தீமாட்டிக் ஃபோகஸ், அதாவது கருப்பொருள், எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள், எதை எடுப்பது?" ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட விரிவாக ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நம் ஊரில் பி.ஏ. வரலாறு சேர்ந்தால் ஆறு செமஸ்டருக்கும் என்னென்ன பேப்பர் என்று ஏறக்குறைய முதல் நாளே தெரிந்துவிடும். இங்கே அமெரிக்காவில் அப்படி இல்லை. வரலாறு, இலக்கியம், சட்டம், சமூகவியல், சினிமா, இசை என்று எந்தத் துறையின் வகுப்பிலும் போய் உட்காரலாம். அப்படி எடுக்கும் வகுப்புகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் கருப்பொருள். சில துறைகள் தாங்களே ஒரு பட்டியல் வைத்திருக்கும். பெர்க்லி போன்ற இடங்களில் மாணவரே அட்வைசரோடு பேசித் தன் கருப்பொருளை அமைத்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்து இதுதான்: தலைப்பைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள். "குடியேற்றம்", "இனம்", "பாப் கலாச்சாரம்" என்று எழுதிக் கொடுத்தால் அட்வைசர் கையெழுத்துப் போட்டுவிடக்கூடும். ஆனால் எந்த வகுப்பை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய அந்தத் தலைப்பு உதவாது. கடைசி ஆண்டில் தீசிஸ் (ஆய்வேடு) எழுத உட்காரும்போது அந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஒரு உதாரணம். இங்கே குழந்தைகளோடு வீடு தேடும் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் முதலில் "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அரசுப் பள்ளியின் தரம் ஏன் வீட்டு விலாசத்தைப் பொறுத்து மாறுகிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நாலு துறைகளுக்குள் நுழைந்துவிடலாம்.

முதலில் சட்டம். டெக்சாஸில் சான் அன்டோனியோவின் ஏழைப் பகுதி ஒன்றைச் சேர்ந்த மெக்சிகன் அமெரிக்கப் பெற்றோர், சொத்து வரியை நம்பிப் பள்ளிகளை நடத்துவது சமத்துவம் அல்ல என்று வழக்குப் போட்டார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சரி, ஒரு பகுதியின் சொத்து மதிப்பு மட்டும் ஏன் அவ்வளவு குறைவு? அங்கே வரலாறு வந்துவிடும். 1930களில் ஒரு மத்திய அரசு அமைப்பு, வீட்டுக் கடன் கொடுப்பது எங்கே எவ்வளவு ஆபத்து என்று நகரங்களின் பகுதிகளை நான்கு நிறங்களில் தரம் பிரித்து வரைபடம் போட்டது. சிவப்பு என்றால் மிக ஆபத்தான பகுதி. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. அந்த வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் உங்கள் நகரம் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கமும் இருந்தது. அப்படி ஒரு பத்திரத்தை எதிர்த்து சிகாகோவின் ஹான்ஸ்பெரி குடும்பம் நடத்திய வழக்கு 1940இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்த வீட்டுப் பெண் லொரெய்ன் ஹான்ஸ்பெரி பிற்பாடு நாடக ஆசிரியரானார். 1959இல் பிராட்வேயில் ஒரு கறுப்பினப் பெண் எழுதிய நாடகம் முதன்முதலாக மேடையேறியது, அது அவருடையது. வீடு வாங்கப் போராடும் ஒரு குடும்பத்தின் கதை அது. சட்ட வகுப்பும் இலக்கிய வகுப்பும் ஒரே வீட்டில் வந்து சந்திக்கின்றன. இந்தப் படிப்பின் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு இப்படிப்பட்ட சந்திப்புகள்தான் காரணம்.

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு டாக்டர்களும் இன்ஜினியர்களுமாக வந்த நம் முந்தைய தலைமுறையில் பலர் இப்படி இனத்தால் பிரிக்கப்பட்டு உருவான புறநகர்களில்தான் வீடு வாங்கினார்கள்.

அப்புறம், "நம் ஆட்களைப் பற்றியே எடுக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாக எடுக்கலாம், அதிலும் ஒரு கேள்வி இருக்கும் வரை. இந்தியர்கள் "வெள்ளையர்" அல்லர், எனவே குடியுரிமை கிடையாது என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் தீர்ப்பு வந்தது. 1946இல்தான் அந்தக் கதவு திறந்தது, ஆனால் புதிதாகக் குடியேற ஆண்டுக்கு நூறு பேருக்குத்தான் இடம். அப்படியிருந்தும் கொழும்பில் பிறந்த கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி 1917இலிருந்தே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். வானியற்பியலாளர் சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1953இல் குடியுரிமை பெற்றார். சட்டம் மூடியிருந்த காலத்தில் யாரை மட்டும், எந்த வழியில் உள்ளே விட்டார்கள்? இது நல்ல கேள்வி.

2008இல் தொடங்கப்பட்டு பிலடெல்பியாவிலிருந்து இயங்கும் தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தைக் கட்டாயம் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிகள் என்பதால், எல்லாத் தெற்காசிய ஆவணங்களிலும் அவர்கள் கதைதான் முன்னால் நிற்கும். தமிழர் பக்கத்தை நாம்தான் திரட்ட வேண்டும். தமிழ்ச் சங்க மலர்கள், கோயில் கட்டிய காலத்துக் கடிதங்கள், 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களின் நினைவுகள் இவற்றையெல்லாம் தமிழ் படிக்கத் தெரிந்த மாணவர்தான் தொட முடியும். பேட்டி எடுப்பதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள். அகதியாக வந்தவர்களிடம் பேசும்போது அவர்கள் பெயரை வெளியிடலாமா என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் தமிழர் என்பதால் தமிழரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று யாராவது மறைமுகமாகத் தள்ளினால் இணங்க வேண்டியதில்லை. தஞ்சாவூரிலிருந்து வந்த ஒருவர் கொலராடோ ஆற்றை எடுக்கலாம். ஏழு மாநிலங்கள் 1922இல் அந்த நீரைப் பங்கிட்டு ஒப்பந்தம் போட்டபோது, ஆற்றங்கரையில் காலங்காலமாக வாழ்ந்த பழங்குடியினரைப் பேச்சுவார்த்தைக்கே அழைக்கவில்லை. மேட்டூர் எப்போது திறக்கும் என்று காத்திருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் எப்படிப் புரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி பிடித்துவிட்டால், அடுத்த இரண்டு ஆண்டு வகுப்புப் பட்டியலை எடுத்து, குறைந்தது மூன்று துறைகளில் அதற்குப் பொருந்தும் வகுப்புகள் உண்மையிலேயே நடக்கின்றனவா என்று பாருங்கள். கேட்டலாகில் பெயர் இருந்தாலும் பல வகுப்புகள் ஆண்டுக்கணக்கில் நடக்காமல் இருக்கும். நீங்கள் நம்பியிருக்கும் பேராசிரியர் சபாட்டிகலில் (ஆய்வுக்கான நீண்ட விடுப்பில்) போகிறாரா என்பதும் முக்கியம். மூல ஆவணம் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது இன்னும் முக்கியம். கவுண்டி அலுவலகத்தின் பத்திரப் பதிவுகள், உள்ளூர் நூலகத்தின் பழைய செய்தித்தாள்கள் இவையே ஒரு தீசிஸுக்குப் போதும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை 72 ஆண்டுகள் கழித்துத்தான் திறப்பார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் திறக்கப்பட்டன. உங்கள் தெருவில் அன்று யார் குடியிருந்தார், என்ன வேலை பார்த்தார் என்றுகூடப் பார்க்கலாம்.

விசா விஷயம். அமெரிக்கன் ஸ்டடீஸ் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஓபிடி (படிப்பு சார்ந்த வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம்தான், ஸ்டெம் படிப்புக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் கிடைக்காது. கருப்பொருளின் பெயரில் "டிஜிட்டல்", "டேட்டா" என்று சேர்த்தாலும் இது மாறாது, ஏனென்றால் அரசு பார்ப்பது மேஜரின் (முதன்மைப் பாடத்தின்) குறியீட்டை. புள்ளியியல் போன்ற இரண்டாவது மேஜரைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் பல்கலைக்கழக அலுவலரிடம்) பேசுங்கள். ஓபிடி வேலை படிப்போடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். அந்தத் தொடர்பை விளக்க, தெளிவான கருப்பொருள் கைகொடுக்கும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு 21 வயதில் அந்தத் தகுதி முடிந்துவிடும், அதற்கு முன்பே அடுத்த விசாவுக்குத் திட்டமிடுங்கள்.

வேலையைப் பற்றி வீட்டில் கேட்பார்கள். சட்டக் கல்லூரிக்கு இன்ன மேஜர்தான் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நூலகம், ஆவணக் காப்பகம் என்றால் மேலே ஒரு முதுகலை படிக்க வேண்டியிருக்கும். மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே என்பதை மனதில் வையுங்கள். வீட்டு வசதி, நகரத் திட்டமிடல் தொடர்பான அமைப்புகளுக்கு மேலே சொன்ன பள்ளிக் கேள்வி மாதிரியான தீசிஸ் நேரடியாகப் பயன்படும்.

அட்வைசரின் ஆபீஸ் அவர்ஸுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே பக்கத்தில் உங்கள் கேள்வி, எடுக்க நினைக்கும் நாலைந்து வகுப்புகள், பார்க்கப்போகும் ஒரு மூல ஆவணம் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள். பேராசிரியர் மறுத்துப் பேசினால் பதில் பேசலாம், இங்கே அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு செமஸ்டர் கழித்துக் கருப்பொருளை மாற்றத் தோன்றினால் பெரும்பாலும் துறைக்குள்ளேயே முடிந்துவிடும். மேஜரையே மாற்றினால் மட்டும் டிஎஸ்ஓவிடம் சொல்லி ஐ-20 எனும் மாணவர் விசா ஆவணத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.